மாற்றுத்திறனுள்ள பிள்ளைகள் வரும் சிறுவர் நூல்கள்: எதைக் கொடுப்பது, எப்படிப் படித்துக் காட்டுவது?

வாசிப்பு_அம்மா:

வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது. இந்த வருடம் அவள் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "அம்மா, அவன் ஏன் நடக்க மாட்டேங்கிறான்?" என்று கேட்டாள். நான் பதறிப்போய், "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, பாவம்" என்று வாயை அடைத்துவிட்டேன். அவளும் அதற்கப்புறம் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தன் வகுப்பைப் படமாக வரைந்து காட்டினாள். எல்லாரும் இருந்தார்கள், அவன் மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "நீதானே அவனைப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொன்ன" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நான் செய்த தப்பைக் கதைகள் வழியாகச் சரி செய்யலாம் என்று பார்க்கிறேன். வாங்கிய இரண்டு புத்தகங்களும் ஒரே மாதிரி. யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவன், கடைசியில் எல்லாரையும் ஏதோ ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறான், அப்புறம்தான் எல்லாரும் அவனோடு விளையாடுகிறார்கள். காப்பாற்றாமல் இருந்திருந்தால்? ஐந்திலிருந்து பத்து வயதுக்கான நல்ல நூல்களைச் சொல்லுங்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கதைசொல்லி:

நீங்கள் கடைசியில் கேட்ட கேள்வி போதும், பாதி நூல்களை வடிகட்டிவிடும்.

நான் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவன். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 'டோட்டோ-சான்'. டெட்சுகோ குரோயானாகி 1981-ல் எழுதியது, தமிழிலும் பலர் படித்திருப்பீர்கள். அதில் மரம் ஏறும் அத்தியாயத்தை மட்டும் தனியாகப் படித்துக் காட்டுங்கள். அவளுடைய வகுப்புத் தோழன் யாசுவாகி-சானுக்கு இளம்பிள்ளை வாதம், மரமே ஏறியதில்லை. டோட்டோ-சான் தன் மரத்துக்கு அவனை விருந்தாளியாக அழைக்கிறாள். வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டார்கள் என்று தெரியும். முதலில் சாதாரண ஏணி, அது சரிவரவில்லை, அப்புறம் மடக்கு ஏணி. இவள் இழுக்கிறாள், அவன் ஊர்கிறான், இரண்டு பேருக்கும் வியர்த்து ஒழுகுகிறது. மேலே போய்ச் சேர்ந்ததும் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? தொலைக்காட்சி என்று ஒரு பெட்டி இருக்கிறதாம், அதில் சுமோ மல்யுத்தம் பார்க்கலாமாம் என்கிறான் அவன். அவ்வளவு பெரிய ஆட்கள் பெட்டிக்குள் எப்படிப் போவார்கள் என்று இவள் யோசிக்கிறாள். ஏறுகிற வரைக்கும்தான் கால் பற்றிய கவலை. ஏறியபின் இரண்டு பிள்ளைகள் கிளையில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள், அவ்வளவே.

விளையாட்டு விழா அத்தியாயமும் முக்கியம். தாகாஹாஷி என்கிற பையனுக்குக் கையும் காலும் குட்டை. தலைமை ஆசிரியர் கோபயாஷி போட்டிகளை அமைத்த விதத்தில் எல்லாவற்றிலும் அவன்தான் முதலிடம். படியேறும் ஓட்டத்தில் படிகள் சிறியவை, ஒவ்வொன்றாகத்தான் மிதிக்க வேண்டும், நெட்டைக் கால்காரர்கள் திணறுகிறார்கள். அவனுக்காக யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. படிகள்தான் வேறு. இதைச் சொல்லி முடித்ததும் நான் பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "நம்ம பள்ளிக்கூடத்துப் படி யாருக்காகக் கட்டினது?"

இரட்டைக்கோல்:

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இப்போது நாற்பத்தெட்டு வயது, இரண்டு ஊன்றுகோல்களோடு நடக்கிறேன். மேலே கதைசொல்லி சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். யாசுவாகி-சான் பின்னால் இறந்துவிடுகிறான். அது உண்மை வாழ்க்கை, ஆசிரியரின் நினைவுக் குறிப்பு, அதனால் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகள் முழுப் புத்தகத்தையும் படிப்பதானால் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வகுப்பில் இருக்கும் அந்தப் பையனும் இறந்துவிடுவானோ என்று குழந்தைக்குத் தோன்றும். இப்படி நினைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நான் சிறுவனாக இருந்தபோது 'ஹைடி'யின் சுருக்கப் பதிப்பு ஒன்று கிடைத்தது. யோஹன்னா ஸ்பிரி எழுதியது. 1881-ல் வந்த இரண்டாம் பாகத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் கிளாரா, தோழி ஹைடியைப் பார்க்க மலைக்கு வருகிறாள். பொறாமையில், அங்கே ஆடு மேய்க்கும் பீட்டர் நாற்காலியை மலையிலிருந்து உருட்டிவிடுகிறான். நாற்காலி நொறுங்குகிறது, கிளாரா நடக்கிறாள். ஒன்பது வயதில் இதை நான் கதையாகப் படிக்கவில்லை, மருந்துச் சீட்டாகப் படித்தேன். வீட்டில் எல்லாரும் தூங்கியபின் கோலைச் சுவரோரம் சாய்த்துவிட்டு நிற்கப் பார்ப்பேன். விழுவேன். நல்ல காற்றும் ஆட்டுப்பாலும் அன்பும் கிடைத்த கிளாரா நடந்துவிட்டாள். எனக்கும் அன்புக்குக் குறைவில்லை, நான் நடக்கவில்லை. அப்படியென்றால் என் முயற்சியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். அந்த எண்ணம் போக இருபது வருடம் ஆனது.

1911-ல் வந்த 'தி சீக்ரெட் கார்டன்' கதையிலும் காலின் என்கிற சிறுவன் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறான். அழகான எழுத்துதான், பிள்ளைகளிடமிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, "நிஜத்தில் எல்லாருக்கும் இப்படி ஆகாது, ஆகவில்லை என்றால் அது அவர்கள் குற்றமும் இல்லை" என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீங்கள் வாங்கிய இரண்டு புத்தகங்களும் இதே குடும்பம்தான். குணமாக வேண்டும், அல்லது சாக வேண்டும், அல்லது வீரச்செயல் செய்து தன்னை நிரூபிக்க வேண்டும். சும்மா இருந்துவிட்டுப் போக மட்டும் அனுமதி கிடையாது.

வாசிப்பு_அம்மா:

ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டேன். நன்றி.

நூலகப்பூனை:

பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்தத் தலைப்பில் பெற்றோர் அதிகம் கேட்டு வாங்குவது ஆர். ஜே. பலாசியோவின் 'ஒண்டர்' (2012). முக அமைப்பு வேறாகப் பிறந்த ஆகி என்கிற பையன் முதன்முறையாகப் பள்ளிக்குப் போகிறான். விறுவிறுப்பான கதை, பிள்ளைகள் கீழே வைப்பதில்லை. எனக்கு உறுத்துவது முடிவு. ஆண்டு விழாவில் அவனுக்குப் பதக்கம், அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. எதற்கு? மற்றவர்களின் கொடுமையை ஒரு வருடம் தாங்கியதற்கா?

சக்கர நாற்காலியில் இயங்கிய ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஸ்டெல்லா யங் 2014-ல் ஒரு மேடையில் சொன்ன சம்பவம் நினைவுக்கு வருகிறது. அவருக்குப் பதினைந்து வயதில், சமூகச் சாதனை விருதுக்கு அவர் பெயரைப் பரிந்துரைக்கலாமா என்று ஒருவர் பெற்றோரிடம் கேட்டாராம். நல்ல எண்ணம்தான், ஆனால் அவள் எதையும் சாதிக்கவில்லையே என்றார்களாம் பெற்றோர். பள்ளிக்குப் போனாள், நல்ல மதிப்பெண் வாங்கினாள், தொலைக்காட்சி பார்த்தாள். அவ்வளவே.

இந்தக் கண்ணோட்டத்தோடு தேடியபோது கிடைத்ததுதான் சிசி பெல் வரைந்து எழுதிய 'எல் டெஃபோ' (2014). நான்கு வயதில் மூளைக்காய்ச்சலால் செவித்திறன் இழந்தவர், தன் சொந்தக் கதையைச் சித்திரக் கதையாக்கியிருக்கிறார். பாத்திரங்கள் எல்லாம் முயல்கள். காதுதான் முதலில் கண்ணில் படும் பிராணி, அதுவே அவர் உணர்ந்த கூச்சம். காது கேட்கும் கருவியின் பேட்டரி தீரும்போது பேச்சுக் குமிழிகளில் எழுத்து மங்கிக்கொண்டே போய் வெற்றாகிவிடும். கேட்காமல் போவது எப்படி என்று எத்தனை பக்கம் விளக்கினாலும் இவ்வளவு புரியாது. அந்தக் கருவிக்குக் குரல் அனுப்பும் மைக்கைக் கழற்றாமல் ஆசிரியை கழிவறைக்குப் போய்விடுவார், சிசிக்கு மட்டும் எல்லாம் கேட்கும். என் பிள்ளைகள் இந்த இடத்தில் உருண்டு சிரித்தார்கள். அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். எட்டு வயதிலிருந்து கொடுக்கலாம்.

மாலை_டீச்சர்:

சிறப்புக் கல்வி ஆசிரியை நான். 'ஒண்டர்' பற்றி நூலகப்பூனை சொன்ன முடிவு எனக்கும் உறுத்தல்தான். ஆனால் அந்த நூலில் அக்கா வியா சொல்லும் பகுதியை மறந்துவிடாதீர்கள். தம்பி மேல் உயிராக இருக்கிறாள், வீடு முழுக்க அவனைச் சுற்றியே நடப்பதில் ஏங்கியும் போகிறாள். என்னிடம் வரும் குடும்பங்களில் இந்த அண்ணன் அக்காக்கள் வாசலில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேறு என்ன புத்தகம் இருக்கிறது சொல்லுங்கள்.

ஏழு வயதுக்கு என்றால் படப்புத்தகம். ஜீன் வில்லிஸ் எழுதி டோனி ராஸ் வரைந்த 'சூசன் லாஃப்ஸ்' (1999). சூசன் சிரிக்கிறாள், பாடுகிறாள், கோபப்படுகிறாள், ஊஞ்சல் ஆடுகிறாள். கடைசிப் பக்கத்தில்தான் அவள் சக்கர நாற்காலியில் இருப்பது தெரிகிறது. வகுப்பில் படித்தபோது பிள்ளைகள் தாமாகவே முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் ஒவ்வொரு படமாகத் தேடினார்கள்.

இரட்டைக்கோல்:

டீச்சர், அந்த நூலில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் கோல்கள் யாருக்கும் கடைசிப் பக்கத்து அதிர்ச்சியாக இருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். முதல் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நிற்கட்டும், கதை வேறு எதைப் பற்றியாவது போகட்டும்.

வாசிப்பு_அம்மா, உங்கள் மகளுக்கு என் தேர்வு ஜேம்ஸ் கேட்ச்போல் எழுதி 2021-ல் வந்த 'வாட் ஹாப்பண்ட் டு யூ?'. ஆசிரியருக்கே ஒரு கால்தான். விளையாட்டுத் திடலில் ஜோ கடற்கொள்ளைக்காரன் விளையாட்டில் மும்முரமாக இருக்கிறான். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி: உன் காலுக்கு என்ன ஆச்சு? ஆளாளுக்கு ஒரு ஊகம் சொல்கிறார்கள். கடைசியில் ஒரு சிறுமிக்குப் புரிகிறது, இவனுக்கு இந்தக் கேள்வி அலுத்துவிட்டது என்று. அப்புறம் விளையாட்டு தொடர்கிறது. என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

மகள் உங்களிடம் கேட்டது தப்பே இல்லை. வீட்டில் கேட்கட்டும், தெரிந்ததைச் சொல்லுங்கள். "சிலருக்குக் கால் தசை வேலை செய்யாது, நாற்காலியில் போவார்கள்" என்பதே ஏழு வயதுக்குப் போதும். அந்தப் பையனிடம் மட்டும் அதை முதல் கேள்வியாகக் கேட்க வேண்டாம். அவனுக்கு எந்த விளையாட்டுப் பிடிக்கும் என்று கேட்கலாமே.

மாலை_டீச்சர்:

சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் புத்தகத்தை இனி முதல் பக்கத்திலேயே "சூசனுக்குச் சக்கர நாற்காலி உண்டு, எங்கே வருதுன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். எப்படிப் போகிறது என்று பார்க்கலாம்.

ஆறுபுள்ளி:

எனக்குக் கண் தெரியாது. திரைவாசிப்பான் வழியாக இந்த இழையை முழுவதும் கேட்டேன். ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. எங்களைப் பற்றிய புத்தகங்களை நாங்கள் படிக்க முடிகிறதா?

படப்புத்தகம் என்றால் பெரும்பாலும் இல்லை. அம்மா படித்துக் காட்டும்போது அண்ணன் படத்தைப் பார்த்துச் சிரிப்பான், எனக்கு ஏன் என்று தெரியாது. பிரெயிலும் அச்சும் ஒரே பக்கத்தில் இருக்கும் புத்தகம் வந்தால், பார்வையற்ற அப்பா பார்வையுள்ள மகளுக்குப் படிக்கலாம், நேர்மாறாகவும் நடக்கலாம். அப்படி ஒன்றை மடியில் வைத்து என் மகளோடு படித்த நாளை மறக்க மாட்டேன். 2013-ல் கையெழுத்தான மராக்கேஷ் உடன்படிக்கைக்குப் பிறகு, சேர்ந்த நாடுகளில் உரிமையாளரிடம் தனித்தனியாக அனுமதி வாங்காமலே நூல்களைப் பிரெயிலாகவும் ஒலிநூலாகவும் ஆக்கிக்கொடுக்க வழி இருக்கிறது. படங்களுக்கு யாராவது விவரணை எழுதினால்தான் படப்புத்தகம் முழுமையாகும். நூலகப்பூனை, உங்கள் நூலகத்தில் இதைத் தொடங்கிப் பாருங்களேன். பெரிய வகுப்புப் பிள்ளைகளே எழுதலாம்.

பார்வையுள்ள பிள்ளைகளுக்கு என்றால் மெனேனா கோத்தின் எழுதி ரோசானா ஃபாரியா வரைந்த 'தி பிளாக் புக் ஆஃப் கலர்ஸ்'. முதலில் ஸ்பானிய மொழியில் 2006-ல் வந்தது. பக்கம் முழுக்கக் கறுப்பு, படங்கள் தடவிப் பார்க்கும்படி மேடாக. பார்வையற்ற பையன் ஒருவனுக்கு நிறங்கள் சுவையாகவும் மணமாகவும் தொடுகையாகவும் தெரிகின்றன.

வாழ்க்கை வரலாறுகள் பற்றியும் ஒரு ஆதங்கம். ஹெலன் கெல்லர் கதை எப்போதும் 1887-ல், ஆசிரியை கையில் எழுதிக் காட்டிய 'தண்ணீர்' என்ற சொல் புரிந்த குழாயடியில் முடிந்துவிடும். அப்போது அவருக்கு ஆறு வயது! அப்புறம் எண்பது வருடம் வாழ்ந்தவர், 1904-ல் பட்டம் வாங்கியவர், தொழிலாளர் உரிமைக்கும் பெண்களின் வாக்குரிமைக்கும் குரல் கொடுத்தவர். அந்தக் கெல்லரைச் சிறுவர் நூல்களில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. லூயி பிரெயில் கதையும் அப்படித்தான். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் கூரான கருவி கண்ணில் பட்டது, பதினைந்து வயதுக்குள் ஆறு புள்ளி முறையைக் கண்டுபிடித்தார், எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று முடிப்பார்கள். உண்மையில் அவர் படித்த பள்ளியே அதை முறைப்படி ஏற்றது 1854-ல்தான், அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து. மாணவர்கள் அதை ரகசியமாகப் பழகிக்கொண்டார்கள். கண் தெரிந்தவர்கள் தங்கள் கண்ணுக்கு வசதியானதைத்தான் நல்ல எழுத்து என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பகுதியைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், எப்படிக் கொதித்துப் போகிறார்கள் என்று!

சொல்லேர்:

சிறுவர் நூல்களை மொழிபெயர்க்கிறேன். புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தபின் தமிழில் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. மூலத்தில் இல்லாத "பாவம்" தமிழில் தானாக வந்து உட்கார்ந்துவிடும். வாசிப்பு_அம்மா சொன்னதைப் பாருங்கள், பதற்றத்தில் முதலில் வந்த சொல் அதுதான். என் கைப்பிரதிகளிலும் அதை அடித்து அடித்துத்தான் பழகினேன்.

அதைவிட நுணுக்கமானது ஓர் "உம்". "கண் தெரியாவிட்டாலும் நன்றாகப் பாடுவாள்." படிக்க இயல்பாக இருக்கிறது. ஆனால் கண்ணுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? கண் தெரியாதவளுக்குப் பாட வராது என்று எதிர்பார்த்தவர்தான் அந்த "உம்"மைப் போடுவார். "அவளுக்குக் கண் தெரியாது. நன்றாகப் பாடுவாள். கணக்குப் பிடிக்காது." இப்படி எழுதினால் ஒரு பெண் எழுந்து வருகிறாள். உரக்கப் படிக்கும் பெற்றோர் அந்த "ஆலும்" வரும் இடத்தை மாற்றிப் படித்துவிடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

பழைய கதைகளிலும் பழமொழிகளிலும் குருடும் செவிடும் நொண்டியும் வசவாகவே வருகின்றன. செவிடன் காதில் ஊதிய சங்கு, நொண்டிச் சாக்கு, கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட முடவன். எதிரில் காது கேட்காத ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுவேன். பாதி தானாக விழுந்துவிடும்.

கதைக்குள் பிள்ளைகள் பேசும்போது "மாற்றுத்திறனாளி" என்று எழுதுவதில்லை. கட்டுரைக்கும் அரசாணைக்கும் அது நல்ல சொல், மரியாதையான சொல். எட்டு வயதுப் பிள்ளை தன் தோழனைப் பற்றி அப்படிப் பேசாது. "அவனுக்குக் காது கேட்காது, கையால பேசுவான்" என்று சொல்லும்.

ஆறுபுள்ளி:

சொல்லேர், நானும் அறிமுகம் செய்துகொள்ளும்போது "கண் தெரியாது" என்றுதான் சொல்வேன், மேலேயும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் என்ன தொனியில் சொல்கிறார் என்று காது தானாகக் கூர்மையாகும். கதாபாத்திரமே தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறது என்று பார்த்து அதையே மற்றவர்களும் சொல்லும்படி எழுதுங்கள்.

அலைவரிசை:

இதுவரை கண், காது, கால். வெளியே தெரியாதவற்றையும் பேச வேண்டும். என் மகனுக்குப் பதினொரு வயது, ஆட்டிசம் உண்டு. வாயால் பேச மாட்டான், படங்களைத் தொட்டால் குரல் வரும் பலகைக்கணினி வழியாகப் பேசுவான். ஆட்டிசம் என்றதும் எல்லாரும் கேட்பது, "கணக்கில் மேதையா?" இல்லை. அவனுக்குக் கணக்கே பிடிக்காது. தண்ணீர் பிடிக்கும், குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். மந்திர சக்தி உள்ள பிள்ளையாக எழுதுவதும் ஒருவகையில் "காப்பாற்றினால்தான் சேர்த்துக்கொள்வோம்" கதைதான்.

ஷேரன் டிரேப்பரின் 'அவுட் ஆஃப் மை மைண்ட்' (2010) பத்து வயதுக்கு மேல் கொடுக்கலாம். மெலடிக்குப் பெருமூளை வாதம், பேச்சு வராது, கருவி கிடைத்தபின் பேசுகிறாள். அவளுக்கு அபார நினைவாற்றல் என்று எழுதியிருப்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. இருந்தும் ஒரு இடத்துக்காக மன்னிப்பேன். வினாடி வினாக் குழுவினர் அவளை விட்டுவிட்டு விமானம் ஏறிப் போய்விடுகிறார்கள். யாரும் வில்லன் இல்லை, ஆனால் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. என் அக்கா மகள் இதைப் படித்துவிட்டு வந்து, "சித்தி, போன பிறந்தநாளுக்குத் தம்பியை நான் கூப்பிடலை" என்று அழுதாள். அடுத்த பிறந்தநாளுக்கு அவன் போனான். அரை மணி நேரம் குழாயடியில் நின்றான், கூடவே அவளும் நின்றாள்.

எல் மெக்னிகாலின் 'எ கைண்ட் ஆஃப் ஸ்பார்க்' (2020) ஆட்டிசம் உள்ள எழுத்தாளர் எழுதியது, அந்த வித்தியாசம் ஒவ்வொரு வரியிலும் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு ஜோர்டன் ஸ்காட்டின் 'ஐ டாக் லைக் எ ரிவர்' (2020). திக்கிப் பேசும் பையனை அப்பா ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போய், ஆறும் சுழித்து, நுரைத்து, மோதித்தான் ஓடுகிறது என்று காட்டுகிறார். திக்கல் போகவில்லை. மறுநாள் அவன் வகுப்பில் அந்த ஆற்றைப் பற்றிப் பேசுகிறான்.

நூலகப்பூனை:

இன்னும் தேடுகிறவர்களுக்கு: அமெரிக்க நூலகச் சங்கம் 2004 முதல் இந்தப் பொருளில் சிறந்த நூல்களுக்கு ஷ்னைடர் குடும்ப விருது கொடுக்கிறது. இப்பி (IBBY) என்கிற உலகச் சிறுவர் நூல் அமைப்பும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பல மொழிகளிலிருந்து பட்டியல் வெளியிடுகிறது, சைகை மொழி நூல்களும் துணியில் தைத்த நூல்களும்கூட அதில் வரும். ஆறுபுள்ளி, படங்களுக்கு விவரணை எழுதும் வேலையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன். நான்கு பேர் வருகிறேன் என்கிறார்கள். எழுதியதும் உங்களுக்கு அனுப்புகிறேன், எது புரியவில்லை என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

வாசிப்பு_அம்மா:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். முதலில் அவளிடம், "அன்னைக்கு நீ கேட்டது தப்பில்ல, நான்தான் பதில் சொல்லத் தெரியாம நிறுத்திட்டேன்" என்று சொன்னேன். அப்புறம் மரம் ஏறும் அத்தியாயம். மூன்று தடவை படிக்கச் சொன்னாள். ஜோவின் புத்தகத்தில் அவளும் ஊகங்கள் அடுக்கினாள், பாதியில் தானாகவே நிறுத்திவிட்டு, "அவனுக்கு விளையாடணும்மா" என்றாள்.

நேற்று அந்தப் பையனைப் பற்றி அவளாகவே பேசினாள். அவனுக்கு டைனோசர் பிடிக்குமாம், ஆனால் இவளை ஏமாற்றி ஒரு அழிப்பானை வாங்கிக்கொண்டானாம், அதனால் அவன் மேல் கோபமாம். எனக்கு அந்தக் கோபம் அவ்வளவு பிடித்திருந்தது. கடைசியில் ஒன்று கேட்டாள்: "நூலக அறை வாசல்ல ரெண்டு படி இருக்கும்மா. டைனோசர் புத்தகம் உள்ளதான் இருக்கு. அவனுக்கு நான்தான் எடுத்துட்டு வரேன், ஆனா அவனுக்கு அவனே எடுக்கணுமாம். அந்தப் படியை யாரு கட்டினது?"

நாளைக் காலை பள்ளியில் பேசப் போகிறேன். சரிவுப் பாதை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று யாருக்காவது தெரியுமா? இரண்டு படியும் சேர்ந்து முப்பது சென்டிமீட்டர் இருக்கும்.

இரட்டைக்கோல்:

ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது பொதுவான கணக்கு. முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்தது 3.6 மீட்டர் நீளம். கீழேயும் மேலேயும் நாற்காலி திரும்பச் சமதளம் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், அதைப் பொறுத்து மேல்தளத்தின் அளவு மாறும்.